விண்டோஸ் 11-க்கு மாறியதும் பிரின்டர் மக்கர் பண்ணுதா? புக்கிங் ஆபீஸ் முதல் எடைமேடை வரை... என்ன செய்யலாம்?

நாமக்கல்லில் ராத்திரி ஒன்பது மணி. லோடு ஏற்றி தார்ப்பாய் கட்டியாச்சு. டிரைவர் டீ குடிச்சிட்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். புக்கிங் ஆபீஸில் எல்.ஆர். மட்டும் பிரின்ட் ஆக மாட்டேங்குது. மதியம்தான் கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு மாற்றிக் கொடுத்துட்டுப் போயிருக்கார் சர்வீஸ் பையன். ஸ்கிரீனில் எல்லாம் பளபளன்னு இருக்கு. பிரின்டர் மட்டும் 'ஆஃப்லைன்'.

இது ஒரு ஆபீஸ் கதை இல்லை. சங்ககிரி லாரி ஆபீஸ், திருச்செங்கோடு ரிக் வண்டி ஆபீஸ், ராசிபுரம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை எடைமேடை, செவ்வாய்பேட்டை மொத்தக் கடை, தெருமுனை ஜெராக்ஸ் கடை என்று பழைய பிரின்டரை வைத்துப் பிழைப்பு ஓட்டும் எல்லோருக்கும் பொதுவான தலைவலி. பெரும்பாலான நேரத்தில் பிரின்டர் கெட்டுப் போயிருக்காது. கம்ப்யூட்டருக்கு அது எங்கே இருக்கிறது என்பது மறந்து போயிருக்கும், அவ்வளவுதான். புது பிரின்டர் வாங்க கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஏன் இப்போது இவ்வளவு பேருக்கு இந்தப் பிரச்னை?

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது. அதனால் பத்து வருஷமாக ஓடிய கம்ப்யூட்டர்களை எல்லோரும் விண்டோஸ் 11-க்கு மாற்றுகிறார்கள். கம்ப்யூட்டர் மாறினாலும் பிரின்டர் மாறுவதில்லை. நம்ம ஊர் ஆபீஸ்களில் 15 வருஷ டாட் மேட்ரிக்ஸ் எல்லாம் இன்னும் 'கர்ர் கர்ர்' என்று உழைக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். விண்டோஸ் 10-ல் 32-பிட், 64-பிட் என இரண்டு வகை உண்டு. விண்டோஸ் 11-ல் 64-பிட் மட்டும்தான். உங்கள் பழைய கம்ப்யூட்டரில் 32-பிட் விண்டோஸ் இருந்திருந்தால், அதற்கான பிரின்டர் டிரைவர் புதுசில் வேலை செய்யாது. சி.டி.யில் பத்திரமாக எடுத்து வைத்த பழைய டிரைவரைப் போட்டுப் பார்த்து 'ஏத்துக்க மாட்டேங்குதே' என்று புலம்புவதற்குப் பாதி காரணம் இதுதான்.

சர்வீஸ் ஆளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

'மேலேயே ஏத்தினீங்களா, ஃபார்மட் பண்ணிப் போட்டீங்களா?' இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

விண்டோஸ் 10-க்கு மேலேயே 11-ஐ ஏற்றியிருந்தால் பிரின்டர் பெயர், டிரைவர், பேப்பர் அளவு எல்லாம் பெரும்பாலும் அப்படியே வந்திருக்கும். எங்கோ ஒரு போர்ட் மாறியிருக்கும், அல்லது பழைய டிரைவர் முரண்டு பிடிக்கும். ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டிருந்தால் எதுவுமே இருக்காது. டிரைவர் புதிதாகப் போட வேண்டும், நீங்கள் உருவாக்கிய பேப்பர் அளவு போயிருக்கும், ஷேரிங் போயிருக்கும். பழைய 32-பிட் கம்ப்யூட்டர் என்றால் ஃபார்மட்தான் ஒரே வழி, அதில் சர்வீஸ் ஆள் மேல் தப்பில்லை. ஆனால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்கணும்.

லாரி நிற்குது, இப்பவே வேணும்னா?

முதலில் லாரியை அனுப்புங்கள், பிறகு பிரின்டரைப் பார்க்கலாம். இ-வே பில்லைக் காகிதத்தில்தான் கொண்டு போகணும் என்று சட்டம் சொல்லவில்லை. ஜிஎஸ்டி விதிகள்படி இ-வே பில் நகல் அல்லது அதன் எண் டிரைவரிடம் இருந்தால் போதும். எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். இன்வாய்ஸ் அப்படி இல்லை, அதைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். ஆனால் அது இ-இன்வாய்ஸ் என்றால், காகிதத்துக்குப் பதிலாக அதன் க்யூஆர் கோடை போனிலேயே அதிகாரியிடம் காட்ட விதியில் இடம் இருக்கிறது.

சாதா இன்வாய்ஸ் என்றால், பிரின்ட் கொடுக்கும்போது பிரின்டர் பெயருக்குப் பதிலாக 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்வு செய்து ஃபைலாகச் சேமியுங்கள். இது விண்டோஸ் 11-லேயே இருக்கிறது, எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். அந்த பிடிஎஃப்-ஐ பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம். எல்.ஆர்.-க்கு பழைய கை பில் புக் ஒன்று மேஜை டிராயரில் எப்போதும் இருக்கட்டும். இ-வே பில்லில் வண்டி நம்பர் ஏறியதும் காலக்கெடு ஓட ஆரம்பித்துவிடும். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான். பிரின்டரோடு மல்லுக்கட்டி ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்தி வைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பிரின்ட் கொடுத்தால் வரிசையில் போய் நிற்குதா?

பிரின்ட் கொடுத்ததும் அது நேராக பிரின்டருக்குப் போவதில்லை. 'பிரின்ட் ஸ்பூலர்' என்று ஒரு சர்வீஸ் அதை வாங்கி வரிசையில் வைத்து ஒவ்வொன்றாக அனுப்பும். ரேஷன் கடை க்யூ மாதிரி. முன்னால் நிற்கும் ஒருவர் நகரவில்லை என்றால் பின்னால் இருப்பவர் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். பத்து தடவை பிரின்ட் பட்டனை அழுத்தினால் க்யூவில் பத்து பேர் சேருவார்கள், பிரச்னை தீராது. சரியானதும் பத்து காப்பி வந்து கொட்டும் என்பது தனிக்கதை.

க்யூவைக் காலி செய்ய: ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'பிரின்ட் ஸ்பூலர்' என்பதை ரைட் கிளிக் செய்து ஸ்டாப் கொடுங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்று போங்கள். கடைசி ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்காதீர்கள். அதே சர்வீசஸ் பக்கத்தில் ஸ்பூலரை மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கரன்ட் போய் வந்த பிறகு பிரின்டர் முரண்டு பிடித்தாலும் இதே வைத்தியம்தான்.

ஒரே பிரின்டர் இரண்டாகத் தெரியுதா?

அப்கிரேடுக்குப் பிறகு அதிகமாக ஏமாற்றுவது இதுதான். செட்டிங்ஸில் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' திறந்து பாருங்கள். உங்கள் பிரின்டர் பெயர் ஒரு தடவையும், அதே பெயரோடு 'காப்பி 1' என்று இன்னொரு தடவையும் இருக்கும். கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டும்போது யுஎஸ்பி வயரை வேறு ஓட்டையில் செருகியிருப்பார்கள். விண்டோஸ் அதைப் புது பிரின்டர் என்று நினைத்து இன்னொன்றை உருவாக்கிவிடும். உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரோ பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அங்கே கேட்க ஆள் இல்லை.

சுலபமான வழி, வயரைப் பழைய ஓட்டையிலேயே செருகுவது. எது பழையது என்று தெரியவில்லை என்றால், பழைய பிரின்டர் பெயரைத் திறந்து 'பிரின்டர் ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'போர்ட்ஸ்' டேபுக்குப் போங்கள். யுஎஸ்பி001, யுஎஸ்பி002 என்று வரிசையாக இருக்கும். 'காப்பி 1' எந்த போர்ட்டில் இருக்கிறதோ அதை இங்கே டிக் செய்து அப்ளை கொடுங்கள். பிறகு 'காப்பி 1'-ஐ நீக்கிவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரு புக்கிங் ஆபீஸில் புது பிரின்டருக்கே விலை விசாரித்துவிட்டார்கள். கடைசியில் யுஎஸ்பி001 டிக்கை 002-க்கு மாற்றியதும் கர்ர் என்று ஓட ஆரம்பித்தது.

அதே பக்கத்தில் கீழே, 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரின்டர்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை ஆஃப் செய்துவிட்டு உங்கள் பிரின்டரை நீங்களே டீஃபால்ட்டாக வையுங்கள். ஆன் ஆக இருந்தால், கடைசியாக எதில் பிரின்ட் எடுத்தீர்களோ அதை விண்டோஸ் டீஃபால்ட் ஆக்கிவிடும். பில் பிரின்டருக்குப் போக வேண்டியது பிடிஎஃப்-க்குப் போய்விடும்.

டாட் மேட்ரிக்ஸுக்குத் தனி கவனிப்பு வேணும்

இங்கத்து ஆபீஸ்கள் டாட் மேட்ரிக்ஸை விடாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதன் ஊசி காகிதத்தில் அடித்து அச்சிடுகிறது. அதனால் கார்பன் வைத்த தாளில் ஒரே அடியில் மூன்று நான்கு காப்பி விழும். அனுப்புபவருக்கு ஒன்று, பெறுபவருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று. லேசரிலோ இங்க்ஜெட்டிலோ இது நடக்காது.

பழைய மாடல்களில் பாரலல் போர்ட் மட்டும் இருக்கும். புது கம்ப்யூட்டரில் அந்த ஓட்டையே இல்லாததால் யுஎஸ்பி-பாரலல் கன்வெர்ட்டர் வயர் போடுவார்கள். இந்த வயர் வழியாக மாட்டினால் விண்டோஸ் பெரும்பாலும் பிரின்டர் பெயரைக் கண்டுபிடிக்காது. 'பிரின்டர் கனெக்ட் ஆகல' என்று நினைத்துவிடாதீர்கள். 'ஆட் டிவைஸ்' கொடுத்து, கொஞ்ச நேரத்தில் கீழே வரும் 'ஆட் மேனுவலி' என்பதை அழுத்தி, 'மேனுவல் செட்டிங்ஸ்' உள்ள லோக்கல் பிரின்டர் ஆப்ஷனைத் தேர்வு செய்யுங்கள். போர்ட் கேட்கும் இடத்தில் யுஎஸ்பி001 என்பதைக் கொடுங்கள். பிறகு டிரைவர் கேட்கும்.

உங்கள் மாடலுக்கான 64-பிட் டிரைவர் கம்பெனி தளத்தில் இருந்தால் அதைப் போடுவதே நல்லது. இல்லை என்றால் அவசரத்துக்கு விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரைப் போடலாம். ஆங்கில எழுத்தும் எண்ணும் வேகமாக வரும். ஆனால் தமிழ் எழுத்து வராது, கம்பெனி லோகோ வராது. பில்லில் பார்ட்டி பெயரைத் தமிழில் அடிப்பவர்களுக்கு இது உதவாது. நிறைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்கள் எப்சன் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும்படிதான் செய்யப்பட்டிருக்கும். அப்படிப்பட்டதற்கு எப்சன் டிரைவரைப் போட்டால் தமிழும் வரும், கோடும் வரும். உங்கள் பிரின்டர் 9 பின்னா, 24 பின்னா என்று பார்த்து அதற்கேற்றதைப் போடணும்.

அடுத்த புகார்: 'பிரின்ட் வருது, ஆனா ஒவ்வொரு பில்லும் கொஞ்சம் கொஞ்சமா கீழே இறங்கிட்டே போகுது.' டிராக்டர் ஓட்டை உள்ள தொடர் தாளில் பில் அரைப் பக்கமாக, 10-க்கு 6 இன்ச் அளவில் இருக்கும். ஃபார்மட் செய்ததும் அந்த அளவு அழிந்து, விண்டோஸ் ஏ4 அல்லது லெட்டர் என்று நினைத்துக்கொள்ளும். 'பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்தின் அடியில் 'பிரின்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' இருக்கும். அதில் 'கிரியேட் எ நியூ ஃபார்ம்' டிக் செய்து, ஒரு பெயர் கொடுத்து, அகலம் உயரம் போட்டு சேமியுங்கள். பிறகு பிரின்டரின் 'பிரின்டிங் ப்ரிஃபரன்சஸ்' பக்கத்திலும், பில்லிங் சாஃப்ட்வேரிலும் அந்தப் பெயரைத் தேர்வு செய்யணும். இரண்டில் ஒன்றை விட்டாலும் பில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தாளை ஸ்கேல் வைத்து அளந்து போடுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

ஜெராக்ஸ் கடை லேசர் பிரின்டர்கள்

கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020. ஜெராக்ஸ் கடையிலும் கம்ப்யூட்டர் சென்டரிலும் இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. இரண்டுக்கும் ஒரு குணம் பொது. பக்கத்தை உருவாக்கும் மூளை பிரின்டரில் இல்லை, கம்ப்யூட்டரில் போடும் டிரைவரில்தான் இருக்கிறது. எனவே 'ஏதாவது ஒரு லேசர் டிரைவர்' என்று போட்டால் ஓடாது. எச்பி 1020 இன்னும் ஒரு படி மேல். ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் அதற்குத் தேவையான ஃபர்ம்வேரையே டிரைவர்தான் அனுப்ப வேண்டும். தப்பான டிரைவர் இருந்தால் லைட் எரியும், வேலை நடக்காது.

இவற்றுக்குச் செய்ய வேண்டியது: யுஎஸ்பி வயரை முதலில் கழற்றுங்கள். பழைய டிரைவரை முழுசாக நீக்குங்கள். 'பிரின்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' உள்ளே 'டிரைவர்ஸ்' டேபில் அந்தப் பெயர் இருந்தால் அங்கேயும் நீக்கணும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து 64-பிட் டிரைவரை இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள். அது எப்போது வயரை மாட்டச் சொல்கிறதோ அப்போது மட்டும் மாட்டுங்கள்.

ஒரு கம்ப்யூட்டரில் பிரின்டர், நாலு கம்ப்யூட்டரில் பில்

ஆபீஸ்களில் பெரிய தலைவலி இதுதான். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரில் பிரின்டர் மாட்டி ஷேர் பண்ணியிருப்பார்கள், மற்ற கம்ப்யூட்டர்கள் அது வழியாக பிரின்ட் எடுக்கும். அதில் ஒன்றை மட்டும் விண்டோஸ் 11-க்கு மாற்றியதும் '11பி' என்றோ '709' என்றோ முடியும் எரர் நம்பர் வரும்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2021 ஜூலையில் 'பிரின்ட்நைட்மேர்' என்ற பெரிய ஓட்டை விண்டோஸின் பிரின்ட் ஸ்பூலரில் வெளியானது. அது வழியாகக் கம்ப்யூட்டரையே கைப்பற்ற முடியும் என்ற நிலை. அந்த வருஷம் முழுக்க மைக்ரோசாஃப்ட் ஷேரிங் வழிகளை ஒவ்வொன்றாக இறுக்கியது. செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகுதான் 11பி எரர் உலகம் முழுக்கப் பரவலானது. பிறகு வந்த விண்டோஸ் 11-ன் 22எச்2 பதிப்பில், இரண்டு கம்ப்யூட்டர்கள் பிரின்டர் பற்றிப் பேசிக்கொள்ளும் வழியே மாறிவிட்டது. பழசு ஒரு பாஷையிலும் புதுசு ஒரு பாஷையிலும் பேசுகின்றன.

யூடியூபில் தேடினால் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை பூஜ்யம் ஆக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வரும். அது வேலை செய்யும், பொய் இல்லை. ஆனால் 2021-ல் அடைத்த கதவை நீங்களே திறந்து வைக்கிறீர்கள். பேங்க் வேலையும் ஜிஎஸ்டி வேலையும் அதே கம்ப்யூட்டரில்தானே நடக்கிறது? முதலில் எல்லா கம்ப்யூட்டர்களிலும் விண்டோஸ் அப்டேட்டை முழுசாக முடியுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரியில் அந்த மதிப்பைத் தொடாமலே ஒரு சுற்றுவழி இருக்கிறது.

பில் போடும் கம்ப்யூட்டரில் பிரின்டரை 'லோக்கல் பிரின்டர்' என்றே சேர்க்க வேண்டும். மேலே டாட் மேட்ரிக்ஸுக்குச் சொன்ன அதே 'ஆட் மேனுவலி' வழிதான். போர்ட் கேட்கும் இடத்தில் 'கிரியேட் எ நியூ போர்ட்', வகை 'லோக்கல் போர்ட்' என்று கொடுத்தால் பெயர் கேட்கும். அங்கே \\மெயின்கம்ப்யூட்டர்பெயர்\பிரின்டர்ஷேர்பெயர் என்ற வடிவில், இரண்டு சாய்கோடு, கம்ப்யூட்டர் பெயர், ஒரு சாய்கோடு, ஷேர் பெயர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ஷேர் பெயரில் ஸ்பேஸ் இல்லாமல் சின்னதாக வைத்துக்கொண்டால் நல்லது. டிரைவரை இந்தக் கம்ப்யூட்டரிலும் போட வேண்டும். இப்போது மெயின் கம்ப்யூட்டரிடம் டிரைவர் கேட்கிற வேலையே இல்லை, தயாரான பக்கத்தை மட்டும் அங்கே தள்ளிவிடும்.

'யூசர்நேம் பாஸ்வேர்ட் கேக்குது, அப்படி ஒண்ணு நாங்க வைக்கவே இல்லையே' என்பது அடுத்த கேள்வி. பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் உள்ளே வரலாம் என்ற 'கெஸ்ட்' வழியை விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு மூடிவிட்டது. மெயின் கம்ப்யூட்டரில் 'பில்' என்றோ 'ஆபீஸ்' என்றோ ஒரு தனி லோக்கல் யூசர் உருவாக்கி, அதற்கு ஒரு பாஸ்வேர்ட் வையுங்கள். மற்ற கம்ப்யூட்டர்களில் 'க்ரெடென்ஷியல் மேனேஜர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் க்ரெடென்ஷியல்ஸ்' பகுதியில் மெயின் கம்ப்யூட்டர் பெயரையும் இந்த யூசர்நேம் பாஸ்வேர்டையும் ஒருமுறை சேமித்துவிட்டால் திரும்பக் கேட்காது. கம்ப்யூட்டரைத் திறக்கப் போடும் நாலு இலக்க பின் நம்பர் இங்கே செல்லாது.

நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். புதிதாக விண்டோஸ் போட்டதும் உங்கள் ஆபீஸ் வைஃபையைக்கூட அது பஸ் ஸ்டாண்ட் வைஃபை மாதிரி 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் ஷேரிங் நடக்காது.

வைஃபை பிரின்டர் 'ஆஃப்லைன்' காட்டுதா?

விலை குறைந்த வைஃபை பிரின்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் பேசும். கம்ப்யூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பது பிரச்னை இல்லை, ஆனால் இரண்டும் ஒரே ரவுட்டரின் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். 'கெஸ்ட் வைஃபை' பக்கம் ஒன்று போய்விட்டால் ஒன்றையொன்று பார்க்காது.

இரண்டும் ஒரே இடத்தில் இருந்தும் ஆஃப்லைன் என்றால், போர்ட்ஸ் டேபில் 'டபிள்யூஎஸ்டி' என்று ஆரம்பிக்கும் போர்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை விட்டுவிட்டு, பிரின்டரின் ஐபி எண்ணைக் கொடுத்து 'டிசிபி/ஐபி' வகையில் புதிதாகச் சேருங்கள். ஐபி எண் பிரின்டரின் நெட்வொர்க் ரிப்போர்ட் தாளில் வரும். ரவுட்டரில் அந்த எண்ணை பிரின்டருக்கே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த கரன்ட் கட்டுக்குப் பிறகு எண் மாறி மறுபடி முதலிலிருந்து.

எடைமேடை கம்ப்யூட்டரைத் தொடாதீங்க

இது என் கருத்து, ஆனால் அழுத்திச் சொல்கிறேன். குச்சிக்கிழங்கு லோடு வந்து நிற்கும் எடைமேடைகளில் பல இடங்களில் இன்னும் டாஸ் காலத்து சாஃப்ட்வேர்தான் ஓடுகிறது. அந்த 16-பிட் புரோகிராம்கள் 32-பிட் விண்டோஸ் வரைதான் ஓடும். 64-பிட் மட்டுமே உள்ள விண்டோஸ் 11-ல் திறக்கவே திறக்காது. பிரின்டர் எவ்வளவு நல்லா இருந்தாலும் எடைச் சீட்டு வராது. சீட்டு இல்லாமல் விவசாயி எதை வைத்துப் பணம் வாங்குவார்?

அந்தக் கம்ப்யூட்டர் எடை போடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றால், இன்டர்நெட்டைக் கழற்றிவிட்டு பழைய விண்டோஸிலேயே ஓட்டுங்கள். பென் டிரைவ் செருகுவதையும் நிறுத்துங்கள். கட்டாயம் மாற்றியே ஆகணும் என்றால் முதலில் சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் 64-பிட் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் எடைக் கருவியோடும் பிரின்டரோடும் சேர்த்து வேறொரு கம்ப்யூட்டரில் சோதித்த பிறகுதான். சீசன் நேரத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

சில டாஸ் கால புரோகிராம்களும் பழைய பில்லிங் சாஃப்ட்வேர்களும் 'எல்பிடி1' என்ற பாரலல் போர்ட்டுக்கு மட்டும்தான் பிரின்ட் அனுப்பத் தெரிந்தவை. யுஎஸ்பி பிரின்டரை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' கட்டளை வழியாக எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்பிவிட முடியும். விஷயம் தெரிந்த சர்வீஸ் ஆளிடம் இந்த வார்த்தையைச் சொன்னாலே புரிந்துகொள்வார்.

எல்லா தப்பும் உங்களுடையது இல்லை

2025 ஜனவரி கடைசியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, சில யுஎஸ்பி பிரின்டர்கள் யாரும் சொல்லாமலே சம்பந்தமில்லாத எழுத்துகளைத் தாள் தாளாகத் துப்ப ஆரம்பித்தன. வைரஸ் என்றே பலர் பயந்தார்கள். தப்பு அப்டேட்டில்தான் என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு மார்ச் மாதம் சரிசெய்தது. 2021 மார்ச்சில் இன்னும் மோசம். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு சில கம்பெனி பிரின்டர்களில் பிரின்ட் கொடுத்தாலே கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி நின்றது. எனவே நேற்று வரை ஓடி இன்று நின்றால், 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் 'அப்டேட் ஹிஸ்டரி' திறந்து நேற்று ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பழைய பிரின்டர்களுக்கு வருங்காலம் கொஞ்சம் கஷ்டம்தான். பிரின்டர் கம்பெனிகளின் தனித்தனி டிரைவர்களைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2026 ஜனவரி 15 முதல் புது டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பது நிறுத்தம், 2027 ஜூலை முதல் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் என்பது அதன் கால அட்டவணை. ஏற்கெனவே ஓடும் பிரின்டர் அன்றைக்கு நின்றுவிடாது. கம்பெனி தன் தளத்தில் டிரைவர் கொடுப்பதற்கும் தடையில்லை. ஆனால் அந்தத் தளத்திலிருந்து எப்போது எடுப்பார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர் ஃபைலை இன்றைக்கே ஒரு பென் டிரைவில் எடுத்து, பிரின்டர் மாடல் பெயரை எழுதி ஒட்டி வையுங்கள்.

கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடுறீங்களா?

வேண்டாம். பிரின்டர் டிரைவர் என்ற பெயரில் போலித் தளம் வைத்து, 'எரர் வந்திருக்கு, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க' என்று காட்டுவது பழைய மோசடி. எதிர்முனையில் பேசுபவர் ரொம்ப மரியாதையாகப் பேசுவார். ஒரு ஆப்பைப் போடச் சொல்லி உங்கள் ஸ்கிரீனை அவர் கைக்கு எடுத்துக்கொள்வார். பத்து ரூபாய் சர்வீஸ் சார்ஜ் அனுப்பச் சொல்வார். நீங்கள் போடும் யுபிஐ பின்னை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். டிரைவருக்குக் காசு கேட்டாலே போலி என்று முடிவு செய்யலாம், நல்ல கம்பெனிகள் டிரைவரை இலவசமாகத்தான் கொடுக்கின்றன. நம்பர் வேண்டுமென்றால் பிரின்டரோடு வந்த வாரண்டி புத்தகத்தில் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

எதுவுமே சரிப்படலை... பழசுக்கே திரும்பலாமா?

விண்டோஸ் 10-க்கு மேலேயே 11-ஐ ஏற்றியிருந்தால், 10 நாட்களுக்குள் திரும்பிப் போக வழி இருக்கிறது. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'ரெக்கவரி', அதில் 'கோ பேக்'. ஃபைல்கள் அப்படியே இருக்கும், ஆனாலும் டேலி டேட்டாவை முதலில் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். டிஸ்க் இடம் பத்தவில்லை என்று 'விண்டோஸ் ஓல்ட்' ஃபோல்டரை யாராவது அழித்திருந்தால் இந்த வழி கிடையாது. ஃபார்மட் செய்து போட்டிருந்தாலும் கிடையாது.

திரும்பிப் போனால் அப்டேட் வராதே என்ற பயம் நியாயம்தான். அதற்காக 'இஎஸ்யு' என்ற நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கிடையாது. விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்திலேயே 'என்ரோல் நவ்' என்று தெரியும். நிறுவனத்தின் பெயரில் நிர்வகிக்கப்படும் கம்ப்யூட்டர்களுக்குத் தனிக் கட்டணத் திட்டம்.

புது பிரின்டர்தான் வாங்கணும் என்று முடிவு செய்துவிட்டால், கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். விண்டோஸ் 11 64-பிட் டிரைவர் கம்பெனி தளத்தில் இருக்கா? லேசர், இங்க்ஜெட் என்றால் 'மோப்ரியா' முத்திரை இருக்கா? அந்த முத்திரை உள்ளவை தனி டிரைவர் இல்லாமலே விண்டோஸில் ஓடக்கூடியவை. டாட் மேட்ரிக்ஸ் என்றால் யுஎஸ்பி ஓட்டை உள்ளதாகவே வாங்குங்கள். உங்கள் பில் தாள் நாலைந்தைக் கையோடு கொண்டு போய், கடையிலேயே அடித்துப் பார்த்து, கடைசி கார்பன் காப்பியில் வண்டி நம்பர் படிக்கும்படி விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.